“இந்தப் பாட்டைக் கேட்டியா?” – நண்பர்களின் பாட்டுப் பேச்சும் தமிழ் ரசனையும்

தமிழ்த் திரைப்பாட்டைப் பற்றிய விமர்சனத்தில் பெரும்பகுதி எங்கும் எழுதப்படவில்லை. கர்நாடக இசைக்கு 1930களிலேயே ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்ற பெயரில் கல்கி எழுதினார். பின்னால் சுப்புடு வந்தார். திரைப்பாட்டுக்கு அப்படி ஒருவர் நெடுங்காலம் வாய்க்கவில்லை. பட விமர்சனத்தின் கடைசிப் பத்தியில் ‘பாடல்கள் பரவாயில்லை’ என்று ஒரு தீர்ப்பு, அத்தோடு சரி. வாமனன் போன்றவர்கள் திரையிசையின் வரலாற்றைப் பொறுமையாகத் திரட்டி எழுதத் தொடங்கியதெல்லாம் பிற்பாடுதான். ஆனால் பாட்டுகள் எடைபோடப்படாமல் இருந்த காலம் என்று ஒன்று இல்லை. டீக்கடை பெஞ்சிலும், கல்லூரி விடுதி அறையிலும், தறிக்கூடத்திலும், டவுன் பஸ்ஸின் கடைசி இருக்கையிலும் அது நாள்தோறும் நடந்தது. “இந்தப் பாட்டைக் கேட்டியா?” என்று ஒருவர் தொடங்குவார். “கேட்டேன், அவ்வளவு ஒண்ணுமில்ல” என்று இன்னொருவர் சொல்வார். அங்கிருந்து ஒரு மணி நேரம் ஓடும்.

இதை வெட்டிப் பேச்சு என்று ஒதுக்குவது வழக்கம். தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் இசையைக் கவனித்துக் கேட்கக் கற்றுக்கொண்டது இந்தப் பேச்சில்தான் என்பது என் கருத்து. ராகத்தின் பெயர் தெரியாதவர்களுக்கும் இரண்டு பாட்டுகளின் சாயல் ஒன்றாக இருப்பது தெரியும். அதைச் சொல்லிக்காட்ட ஒரு நண்பன் இருந்தான். அந்தப் பேச்சு நன்றாக நடக்கவேண்டுமானால் பேசுகிறவர்கள் பாட்டை முழுதாகக் கேட்டிருக்க வேண்டும், அதை யார் எழுதி யார் இசையமைத்தார்கள் என்று அறிந்திருக்க வேண்டும், எதிரில் மறுத்துப் பேச ஓர் ஆள் இருக்க வேண்டும். பாட்டு கைமாறிய வழிகள் ஒவ்வொன்றும் இவற்றில் எதைக் கொடுத்தன, எதைப் பறித்தன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

முதலில் ஆய்வாளர்கள் சொல்வது. பீட்டர் ரென்ட்ஃப்ரோ, சாம் காஸ்லிங் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒருவரையொருவர் அறியாத அமெரிக்க மாணவர்கள் 60 பேரை இணையம் வழியே ஆறு வாரம் பேசிப் பழகச் சொன்னார்கள். எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம். அவர்கள் அதிகம் பேசியது இசையைப் பற்றி. சினிமா, புத்தகம், விளையாட்டு எல்லாம் அதற்குப் பின்னால்தான். ஒருவருக்குப் பிடித்த பத்துப் பாட்டுகளை மட்டும் கேட்டுவிட்டு அவருடைய குணத்தை ஓரளவு சரியாகக் கணிக்க முடிந்தது என்றும் கண்டார்கள். பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியு 1979இல் எழுதிய நூல் இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. ஒருவர் எந்த இசையை ரசிக்கிறார் என்பதில் அவருடைய வர்க்கமும் படிப்பும் பேசுகின்றன. பிடித்ததைச் சொல்லும்போதே நாம் யாரோடு சேர்ந்தவர்கள், யாரிடமிருந்து விலகியவர்கள் என்றும் சொல்லிவிடுகிறோம் என்றார் அவர்.

இரண்டும் உண்மைதான். ஆனால் தமிழ்நாட்டு டீக்கடைக்கு இவற்றை அப்படியே பொருத்த முடியாது. மேலை நாட்டு மாணவனிடம் என்ன கேட்பாய் என்றால் ராக் என்றோ ஜாஸ் என்றோ வகையின் பெயரைச் சொல்வான். அதிலேயே அவன் அடையாளம் பாதி வந்துவிடும். இங்கே எல்லார் காதிலும் விழுந்தது ஒரே பாட்டுதான். பண்ணையாருக்கும் அவர் வயலில் நாற்று நட்டவருக்கும் ஒரே வானொலி, ஒரே படம், ஒரே பாட்டு. ஆகவே வேறுபடுகிறவன் பாட்டுக்கு உள்ளே போய்த்தான் வேறுபட வேண்டியிருந்தது. பல்லவியைவிடச் சரணம் மேல் என்பான் ஒருவன். இரண்டாவது இடையிசையில் வரும் புல்லாங்குழலுக்காகவே கேட்கிறேன் என்பான் இன்னொருவன். அதே வரியை இரண்டாம் முறை பாடும்போது எஸ்.பி.பி. ஒரு சிரிப்பைக் கலந்திருப்பதை மூன்றாமவன் சுட்டிக்காட்டுவான். எல்லாருக்கும் பொதுவான ஒரு கையிருப்பு இருந்ததால்தான் நம் பாட்டுப் பேச்சு இவ்வளவு நுணுக்கமானது. இதை நம் பெருமைகளில் ஒன்றாகவே எண்ணுகிறேன்.

அந்தக் கையிருப்பு எப்படிச் சேர்ந்தது? 1931இல் ‘காளிதாஸ்’ வந்தபின் படமும் பாட்டும் பிரியாமல் வளர்ந்தன. இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம். கிராமபோன் வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். மற்றவர்களுக்குத் தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம் இருந்தது. கதைச் சுருக்கத்தைப் பாதியில் நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடித்துவிட்டுப் பாட்டுகளை முழுதாக அச்சிட்டிருப்பார்கள். ஒருவர் வாங்கினால் தெருவே அதைப் பார்த்துப் பாடும். பிறகு கோயில் திருவிழாவிலும் கல்யாணத்திலும் மைக் செட் வந்தது. பெரும்பாலும் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டோடு தொடங்கும். அதன்பின் என்ன ஒலிக்கும் என்பதைத் தீர்மானித்தவர் மைக் செட்காரர். ஊருக்கே பாட்டைப் பகிர்ந்தவர் அவர். வானொலி வாங்க வழியில்லாதவர்களும், பெட்டிக்காக அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் கட்ட முடியாதவர்களும் புதுப்பாட்டைக் கேட்டது அந்தக் கூம்புக் குழாய்களில்தான்.

வானொலியின் கதையைச் சற்று நின்று சொல்லவேண்டும். 1952இல் மத்திய அரசில் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கருக்குத் திரைப்பாட்டு என்றாலே ஆகாது. அகில இந்திய வானொலி செவ்வியல் இசையை வளர்க்கவேண்டும் என்று அவர் உறுதியாக இருந்தார். திரைப்பாட்டுகள் அங்கே சுருங்கி மறைந்தன. கேட்கிறவர்கள் குமிழைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போனார்கள். இரண்டாம் உலகப் போரையொட்டி நேச நாட்டுப் படைகளுக்காகக் கொழும்பில் நிறுவிய வலிமையான ஒலிபரப்பி அங்கே இருந்தது. இந்திக்காரர்களுக்கு அமீன் சயானி என்றால் நமக்கு மயில்வாகனன், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீது. கேஸ்கர் பதவியில் இருக்கும்போதே, 1957 அக்டோபரில், டெல்லி தோற்று விவித பாரதியைத் தொடங்கியது. ஓர் அரசின் ரசனைக் கொள்கையைச் சாதாரண ரசிகர்கள் ஐந்தே ஆண்டில் வளைத்த வரலாறு இது. இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டியது.

இலங்கை வானொலி நம் பேச்சுக்குக் கொடுத்தது பாட்டை மட்டுமில்லை. படத்தின் பெயர், பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர் என்ற விவரங்களைப் பாட்டோடு சேர்த்துக் கேட்கும் பழக்கம் வானொலியால் வந்தது. கண்ணதாசன் எழுதியதா, மருதகாசி எழுதியதா என்று பள்ளிக்கூடத்தை எட்டிப்பார்க்காதவரும் வாதிட முடிந்ததற்கு அதுவே காரணம். ‘நேயர் விருப்ப’த்தில் வாசித்த பெயர்ப் பட்டியல்களை நினைத்துப் பாருங்கள். முகம் தெரியாத ஊர்களில் தனக்குப் பிடித்த அதே பாட்டைக் கேட்டவர்கள் இத்தனை பேர் என்று அறிவது தனி மகிழ்ச்சி. வடக்கே, இன்றைய ஜார்க்கண்டில், ஜும்ரி தலையா என்ற அப்ரகச் சுரங்க ஊர் வானொலிக்கு விருப்பக் கடிதம் எழுதியே நாடு முழுதும் பெயர் வாங்கியது. அப்துல் ஹமீதின் ‘பாட்டுக்குப் பாட்டு’ நினைவாற்றலையே விளையாட்டாக்கியது. கொடுத்த எழுத்தில் தொடங்கும் பாட்டு சட்டென்று வாயில் வரவேண்டும். அது பிறகு தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிக்கும் வந்து புதிய தலைமுறையைச் சேர்த்துக்கொண்டது. தமிழ்நாட்டுத் திரைப்பாட்டின் ரசனையை வளர்த்ததில் ஈழத்து அறிவிப்பாளர்களுக்கு உள்ள பங்கை நாம் இன்னும் போதிய அளவு சொல்லவில்லை.

என் பார்வையில் நண்பர்களின் பாட்டுப் பகிர்வு உச்சத்தைத் தொட்டது ரெக்கார்டிங் சென்டர்களின் காலத்தில். ஃபிலிப்ஸ் நிறுவனம் 1963இல் கொண்டுவந்த கேசட், 1980களில் நம் சிறு நகரங்களின் கடைத்தெரு வரை இறங்கிவிட்டது. வெற்றுக் கேசட் ஒன்றையும், பாட்டுகளை வரிசையாக எழுதிய தாளையும் கொடுத்தால் சில நாளில் பதிந்து கொடுப்பார்கள். அறுபது நிமிடக் கேசட் என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம். நாலரை நிமிடப் பாட்டு ஆறோ ஏழோ அடங்கும். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் பன்னிரண்டு, பதின்மூன்று. நூறு பாட்டு பிடித்தவன் எண்பத்தெட்டைத் தள்ளவேண்டும். அந்தத் தள்ளுதலில்தான் கருத்து பிறந்தது. எதை முதலில் வைப்பது, ஒரு சோகப் பாட்டுக்குப் பின் எது வரலாம், பக்கத்தின் கடைசியில் மிஞ்சும் இரண்டு நிமிடத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்று நண்பர்கள் கூடி விவாதித்தார்கள். கடைக்காரரும் வாய் திறப்பார்: “இந்தப் பாட்டைப் போட்டிருக்கீங்களே தம்பி, அதே வருஷம் அவரே இன்னொண்ணு போட்டிருக்கார், அதைக் கேட்டதுண்டா?” வேலைக்காக வளைகுடாவுக்குப் போனவரின் பெட்டியிலும், 1983க்குப் பின் இடம்பெயர்ந்து லண்டனுக்கும் டொராண்டோவுக்கும் போனவர்களின் பெட்டியிலும் இப்படி ஒருவர் தேர்ந்து கொடுத்த கேசட்டுகள் பயணம் செய்தன.

வட இந்தியக் கேசட் வணிகத்தை ஆராய்ந்து பீட்டர் மானுவல் 1993இல் எழுதிய நூல், எச்.எம்.வி.யின் ஏகபோகத்தைக் கேசட் உடைத்து, சிறு தயாரிப்பாளர்களுக்கும் வட்டார இசைக்கும் வழிவிட்டது என்கிறது. தமிழ்நாட்டில் திரைப்பாட்டின் ஆதிக்கத்தைக் கேசட் அசைக்கவில்லை. ஆனால் தேர்வு செய்யும் உரிமை வானொலி நிலையத்திடமிருந்தும் மைக் செட்காரரிடமிருந்தும் கேட்பவர் கைக்கு வந்தது. அதற்கொரு விலையும் இருந்தது. ரெக்கார்டிங் சென்டரில் பதிந்த பாட்டுக்கு இசையமைப்பாளருக்கோ பாடலாசிரியருக்கோ பாடியவருக்கோ ஒரு காசும் போகவில்லை. அன்போடு கொடுத்த பரிசுதான், என்றாலும் உழைத்தவருக்கு அதில் இழப்பு உண்டு. இளையராஜா காப்புரிமை கேட்டு அனுப்பும் நோட்டீஸ்களைப் பார்த்து எரிச்சல்படுகிறவர்கள் இந்தப் பழைய கணக்கையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

வாதங்களின் சூட்டுக்கு வருவோம். விஸ்வநாதன்–ராமமூர்த்தி இணை 1965இல் பிரிந்தது. இளையராஜா 1976இல் ‘அன்னக்கிளி’யோடு வந்தார், ரகுமான் 1992இல் ‘ரோஜா’வோடு. இந்த மூன்று ஆண்டுகளில் ஏதாவது ஒன்றில் இருபதை ஒட்டிய வயதில் இருந்தவர் எந்தக் கட்சியில் நிற்பார் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். மாரிஸ் ஹோல்ப்ரூக், ராபர்ட் ஷிண்ட்லர் இருவரும் 1989இல் வெளியிட்ட ஆய்வு, மனிதர்களுக்கு மிகவும் பிடித்த பாட்டுகள் அவர்கள் சுமார் இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் இருக்கும்போது வெளிவந்தவை என்று கண்டது. அண்ணன்–தம்பி சண்டையில் இவ்வளவு கோபம் வருவதன் காரணம் இங்கே விளங்குகிறது. உன் ஆள் போட்டதெல்லாம் இரைச்சல் என்று ஒருவர் சொன்னால், அவர் இளமை எதிரில் இருப்பவரின் இளமையை மட்டம் தட்டுகிறது. இதை உணர்ந்துகொண்டு பேசினால் வாதம் பயன் தரும். “அந்தக் காலப் பாட்டு மாதிரி வருமா?” என்பதில் சொல்ல ஒன்றுமில்லை. “எம்.எஸ்.வி. மெட்டில் சொல்லுக்கு இடம் விட்டார், ராஜா இடையிசையில் தனிக்கதை சொன்னார், ரகுமான் ஒலியின் நிறத்தையே மாற்றினார்” என்று பேசினால் அதில் மறுக்கவும் ஏற்கவும் இடம் இருக்கிறது.

‘சுட்ட பாட்டு’ என்ற குற்றச்சாட்டும் நம் பேச்சில் நிரந்தரமானது. அது பல பேருக்கு வெளிநாட்டு இசையை அறிமுகம் செய்துவைத்திருக்கிறது என்பதால் அதை முழுதாகக் குறை சொல்லமாட்டேன். மூலத்தைத் தேடிக் கேட்டுவிட்டுச் சொல்கிறவர்கள் குறைவு என்பதே வருத்தம்.

இந்தப் பேச்சில் பாதிப்பேரின் குரல் கணக்கில் வரவில்லை. டீக்கடை பெஞ்சு ஆண்களுடையது. கேசட் கடை வாசலும் அப்படியே. பெண்கள் கேட்டார்கள், ஆண்களைவிட அதிகமாகவே கேட்டிருப்பார்கள். அடுப்படி ஜன்னலில் வானொலி பாடிக்கொண்டே இருந்தது. பாட்டுகளைக் கையால் எழுதிச் சேர்த்த நோட்டுகள் எத்தனையோ வீடுகளில் பரணில் கிடக்கின்றன. கேட்டுக் கேட்டு, விட்டுப்போன சொல்லை மறுநாள் ஒலிபரப்பில் பிடித்து, தோழிகளுக்குள் சரிபார்த்து எழுதியவை அவை. பாட்டின் சொல்லை இவ்வளவு கூர்ந்து கவனித்த விமர்சகர் வேறு யார்? ஆனால் அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது நம் திரையிசை எழுத்தில் பதிவாகவில்லை. கைப்பேசியும் காதுக்குழலும் வந்தபின் ஒரு பெண் தனக்குப் பிடித்ததை யாரிடமும் கேட்காமல் கேட்கவும், தோழிக்கு அனுப்பவும் முடிகிறது. இன்றைய மாற்றங்களில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

தொலைக்காட்சியை விரைவாகக் கடக்கலாம். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது; வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ தெருவையே ஒரு வீட்டில் கூட்டியது. சேர்ந்து பார்த்ததால் பேச்சும் சேர்ந்து நடந்தது. ஆனால் பேச்சு மெல்ல நடிகர் பக்கம் சாய்ந்தது. 2003 முதல் சென்னையில் தனியார் எஃப்.எம். வந்தபின் பாட்டை யாருக்கு ‘டெடிகேட்’ செய்கிறீர்கள் என்பது பெரிதாயிற்று.

இன்றைக்கு வருவோம். 2011 நவம்பரில் அனிருத் இசையில் தனுஷ் பாடிய கொலவெறிப் பாட்டு, பெரும்பாலும் நண்பர் நண்பருக்கு அனுப்பியே தமிழ் தெரியாத ஊர்களையெல்லாம் எட்டியது. அந்த வேகம் பாட்டின் தரத்தையா காட்டுகிறது? மேத்யூ சால்கனிக்கும் இரு துணை ஆய்வாளர்களும் 2006இல் ஒரு சோதனை செய்தார்கள். யாரும் அறியாத 48 பாட்டுகளை 14,000க்கும் மேற்பட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். பிறர் எதை எடுத்தார்கள் என்று சிலருக்குக் காட்டவில்லை. மற்றவர்களை எட்டுத் தனித்தனிக் கூட்டங்களாகப் பிரித்து, அந்தந்தக் கூட்டத்துக்குள் எண்ணிக்கையைக் காட்டினார்கள். கூட்டத்துக்குக் கூட்டம் பாட்டுகளின் வரிசை மாறியது. மிகச் சிறந்தவை அடியோடு தோற்பது அரிது, மிக மோசமானவை வெல்வதும் அரிது. நடுவில் இருப்பவற்றுக்கு எதுவும் நடக்கலாம். 2002இல் பிபிசி உலக சேவை நடத்திய வாக்கெடுப்பில் ‘தளபதி’ படத்தின் ராக்கம்மா பாட்டு உலகின் முதல் பத்துக்குள் வந்ததை நாம் இன்னும் பெருமையாகச் சொல்கிறோம். நல்ல பாட்டுதான். ஆனால் முதலிடம் பெற்ற அயர்லாந்துப் பாட்டுக்கு மின்னஞ்சல் வழியே ஆதரவு திரட்டப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தப் பட்டியல் நமக்கு விளங்கும். பார்வை எண்ணிக்கையைக் காட்டி வாதத்தை முடிக்கும் இன்றைய வழக்கத்தை ஆகவே நான் ஏற்கவில்லை.

ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. அதற்கு முன்பே பல செயலிகள் இருந்தன. எல்லாப் பாட்டும் எல்லார் சட்டைப்பையிலும் இருக்கிறது. அனுப்புவதற்கு ஒரு தட்டல் போதும். செலவு போய்விட்டதால் தேர்வும் தளர்ந்தது. வாட்ஸ்அப் குழுவில் பாட்டு வருகிறது, ஒரு நெருப்புப் படம் பதிலாக வருகிறது, அடுத்த பாட்டு வந்துவிடுகிறது. ஸ்டேட்டஸிலும் ரீல்ஸிலும் சுற்றுவது பாட்டின் சில நொடிகள் மட்டும்; இரண்டாவது சரணத்தில் கவிஞர் என்ன சொன்னார் என்று அறியாமலே அந்தப் பாட்டு பிடித்துவிடுகிறது. செயலியின் முகப்பில் படத்தின் பெயரும் பாடகர் பெயரும் கண்ணில் படுகின்றன; எழுதியவர் யார் என்று பார்க்க உள்ளே போய்த் தேட வேண்டியிருக்கிறது. 2021இல் அறிவும் தீயும் பாடிய ‘என்ஜாய் எஞ்சாமி’யை ஒட்டி எழுந்த சர்ச்சை, யாருடைய பெயர் முன்னால் நிற்கிறது என்பது எவ்வளவு முக்கியம் என்று ஊருக்கே உணர்த்தியது. நண்பர்கள் இருவர் ரசனை எத்தனை விழுக்காடு ஒத்துப்போகிறது என்று கணக்கிட்டுக் காட்டும் வசதியும் வந்துவிட்டது. ஏன் ஒத்துப்போகவில்லை என்று பேசும்போதுதான் நட்பு வளர்கிறது. அதை எந்த விழுக்காடும் செய்யாது.

ஆனாலும் நம்பிக்கை தரும் ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. 2024இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ 1991இன் ‘குணா’ பாட்டையும், ‘லப்பர் பந்து’ 1989இன் ‘பொன்மன செல்வன்’ பாட்டையும் இருபது வயதுக்காரர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தன. பிள்ளைகள் அப்பாவிடம் வந்து, “இந்தப் பாட்டைக் கேட்டிருக்கீங்களாப்பா?” என்று கேட்டார்கள். மேலிருந்து கீழே போன பகிர்வு திசை திரும்பியது. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு வீட்டில் பேச்சைத் தொடர்வது பெரியவர்கள் கையில் இருக்கிறது. எங்கள் காலத்தைப் பார் என்று பெருமையடித்து அதைக் கெடுத்துவிடக் கூடாது.

எனவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வாரம் நண்பருக்கு ஒரே ஒரு பாட்டை அனுப்புங்கள். எழுதியவர், இசையமைத்தவர் பெயரைச் சேர்த்து எழுதுங்கள். எந்த இடம் உங்களைப் பிடித்தது, ஏன் என்று இரண்டு வரி சொல்லுங்கள். உங்களுக்கு ஒரு பாட்டு வந்தால் முழுதாகக் கேட்டுவிட்டுப் பதில் போடுங்கள். பிடிக்கவில்லையென்றால் அதையும் காரணத்தோடு சொல்லுங்கள். வீட்டில் அம்மாவின், பாட்டியின் பாட்டு நோட்டு இருந்தால் அதைப் படமெடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பாட்டுச் செயலிகளை நடத்துகிறவர்கள் பாடலாசிரியர் பெயரைப் பாட்டின் பெயருக்குக் கீழேயே போடவேண்டும்.